விழித்திருந்தவர்கள்

அம்மாவைப் பெற்ற அம்மிச்சி ராத்திரியில் முழுசாகத் தூங்கி நான் பார்த்ததில்லை. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவில் அப்புச்சியின் சாளை. முழுப்பரீட்சை லீவு விட்டதும் அங்கே போய்விடுவோம். ஆண்களுக்கு வாசலில் கயிற்றுக் கட்டில். பெண்களும் பிள்ளைகளும் ஆசாரத்தில் பாய் விரித்து வரிசையாகப் படுப்போம். சுவரோரம் பெரியம்மா, அவரை ஒட்டி அம்மிச்சி, அதற்கப்புறம் நாங்கள். விளக்கை அணைத்த கொஞ்ச நேரத்தில் பெரியம்மாவின் குறட்டை கிளம்பும். தோப்பில் ஓடும் மோட்டார் சத்தத்தையும் மீறிக் கேட்கும். அந்தச் சத்தத்தில் நாங்கள் நன்றாகவே தூங்குவோம். அது நின்றால்தான் முழிப்பு வரும்.

ஏறிக்கொண்டே போகிற குறட்டை சட்டென்று அறுபடும். பெரியம்மாவின் வயிறு மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும், காற்று போகிற சத்தம் இருக்காது. அம்மிச்சி எழுந்து உட்கார்ந்து மகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பார். பெரியம்மா ஒரு பெரிய திணறலோடு மூச்சை இழுத்துப் புரள்வார். குறட்டை மறுபடி தொடங்கும். அம்மிச்சி படுத்துக்கொள்வார். ஒரு ராத்திரியில் இது எத்தனை தடவை நடக்கும் என்று அந்த வயதில் யார் எண்ணினார்கள்.

“அவ மூச்சு நின்னா எனக்குத் தானா முழிப்பு வந்துருது கண்ணு” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்கு அவர் ஒரு வழியும் வைத்திருந்தார். பெரியம்மாவை மல்லாந்து படுக்க விடமாட்டார். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சுத் தலையணையையும் சுருட்டிய பழஞ்சேலைகளையும் அணை கொடுப்பார். அப்படிப் படுத்திருக்கும்வரை சத்தமும் தணிந்திருக்கும், மூச்சு நிற்பதும் குறையும். எந்த மருத்துவரும் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பகலில் பெரியம்மாவின் கதை வேறு. அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே தலை சாயும். ஒருமுறை விரலில் ஆழமாக வெட்டிக்கொண்டார். காலையில் எழும்போதே தலைவலி, ஈரத்துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் அடுப்படிக்கு வருவார். ராத்திரியில் நாலைந்து தரம் ஒன்றுக்குப் போக எழுந்திருப்பார். உடம்பு பெருத்திருந்ததால் வீட்டில் யாருக்கும் இதற்கெல்லாம் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. தின்றுவிட்டுத் தூங்குகிறாள் என்றார்கள். பிள்ளைகள் நாங்கள் கும்பகர்ணி என்று கூப்பிட்டோம். அவர் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போவார், சாப்பிடுவார், மொய் எழுதுவார், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார். ராத் தங்கவே மாட்டார். ஏன் என்று எனக்குப் புரிந்தது, நானும் அப்படிக் கிளம்ப ஆரம்பித்த பிறகுதான்.

அவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. மாத்திரைக்கு அடங்கவில்லை. 54 வயதில் ஒரு விடிகாலை பக்கவாதம் வந்து, அந்த வாரத்திலேயே போய்விட்டார். அவருடைய தூக்கத்தை யாரும் பரிசோதித்ததில்லை.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. பொள்ளாச்சியில் வீடு, கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. நடை, பட்டினி, கொள்ளுத் தண்ணீர், பேலியோ எல்லாவற்றிலும் கொஞ்சம் இறங்கும், அடுத்த வருஷம் அதைவிட அதிகமாகத் திரும்பி வரும். 104 கிலோவில் நின்றேன். பி.எம்.ஐ. 42. சர்க்கரைக்கு மருந்து, ரத்தக் கொதிப்புக்கு இரண்டு விதமான மாத்திரை. 48 வயதில், வயிற்றைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன். ஸ்லீவ் என்கிறார்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குறுகிய குழாயாகத் தைத்துவிடுவது.

அதற்கு முன்னால் எடுக்கவேண்டிய பரிசோதனைகள், பார்க்கவேண்டியவர்கள் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். எண்டோஸ்கோப்பி, எக்கோ, உணவியல் நிபுணர், மனநல மருத்துவர். அவற்றையெல்லாம் விரைவில் முடித்துவிட்டேன். நிறுத்திவைத்தவர் மயக்க மருந்து மருத்துவர். என் வயதுப் பெண்மணி. கழுத்தைச் சுற்றி டேப் வைத்து அளந்தார், 41 சென்டிமீட்டர். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லிக் கண்ணுக்கு நேராகப் பார்த்தார். அதற்கு மல்லம்பட்டி மதிப்பீடு என்று பெயர். குண்டூர் மாவட்டத்தில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மயக்க மருந்து மருத்துவராக இருந்த சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985இல் சொன்ன முறை. உள்நாக்கும் தொண்டையின் பின்சுவரும் எவ்வளவு தெரிகின்றன என்பதைப் பார்த்து, சுவாசக் குழாய் செலுத்துவது எளிதா கடினமா என்று கணிக்கிறார்கள். கருவி எதுவும் வேண்டாம், வாயைத் திறந்தால் போதும். எனக்கு நான்கில் மூன்றாவது வகுப்பு.

அப்புறம் அவர் கேட்டார்: “ராத்திரி உங்க பக்கத்துல யாரு படுக்கறாங்க?”

நான் தனியாகத்தான் படுக்கிறேன் என்றேன். உண்மையும் அதுதான். வீட்டுக்காரர் கூடத்துத் திவானுக்கு மாறிப் பல வருஷம் ஆகியிருந்தது. டிவி பார்த்துக்கொண்டே அங்கேயே தூங்கிவிடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மருத்துவரைப் பார்த்துச் சொன்னார்: “மூச்சு நின்னுருதுங்க டாக்டர். நான் எந்திரிச்சு வந்து நிலைப்படில நின்னு எண்ணுவேன். பத்து எண்ற வரைக்கும் பாப்பேன், சில நாளு முப்பது வரைக்கும் போகும். வராட்டி தோளத் தொட்டு உலுக்குவேன். அதுக்குத்தான் ரூம் கதவச் சாத்த வேண்டாம்னு சொல்றது.”

கதவைத் திறந்துவைக்கச் சொன்னது காற்றுக்காக என்று நினைத்திருந்தேன். எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. மருத்துவர் டிஷ்யூ டப்பாவை நகர்த்திவைத்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தார். பத்து வினாடி அல்லது அதற்கு மேல் காற்றோட்டம் நின்றால்தான் மருத்துவத்தில் அது ஒரு மூச்சு நிறுத்தமாகக் கணக்கில் சேரும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இவர் பத்து எண்ணியது சரியான கணக்கு.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பேருந்தில் வரும்போது கேட்டேன். “பொம்பளகிட்ட குறட்ட விடறீன்னு எப்படிச் சொல்றது” என்றார். எங்கள் வீடுகளில் பெண்ணிடம் அதைச் சொல்வது அவளை அவமானப்படுத்துவது. ஆண் குறட்டை விட்டால் உழைத்த களைப்பு. பெண் விட்டால் மானக்கேடு. அந்த மரியாதைக்காகத்தான் இவர் பல வருஷம் எழுந்து வந்து நிலைப்படியருகில் நின்றிருக்கிறார்.

அன்று அந்த மருத்துவர் கேட்ட எட்டுக் கேள்விகளை 2008இல் கனடாவின் டொரன்டோ நகரில் பிரான்சஸ் சங் என்ற மயக்க மருந்து மருத்துவரும் அவருடைய குழுவினரும் வகுத்தார்கள். சத்தமான குறட்டை, பகல் களைப்பு, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, ரத்தக் கொதிப்பு, பி.எம்.ஐ. 35க்கு மேலா, வயது 50க்கு மேலா, கழுத்து 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா. மூன்றுக்கு ஆம் என்றால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா இருக்குமோ என்று சந்தேகம், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் பலத்த சந்தேகம். எனக்கு ஆறு. வயதும் பாலினமும் மட்டுமே எனக்கு விலக்குக் கொடுத்தன.

அந்த எட்டாவது கேள்வி எனக்கு நிறைய நாள் மனதில் கிடந்தது. ஸ்லீப் ஆப்னியா ஆண்களுக்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் ஏறிவிடுகிறது. பெண்கள் மருத்துவரிடம் போய்க் குறட்டை என்று சொல்வதில்லை. அசதி, காலைத் தலைவலி, தூக்கம் வரவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை என்று சொல்கிறார்கள். ரத்தசோகைக்கு மாத்திரை கிடைக்கும், தைராய்டு பார்ப்பார்கள், இந்த வயசில் அப்படித்தான் இருக்கும் என்பார்கள். சிலருக்குத் தூக்க மாத்திரையே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்திவிடக்கூடிய மருந்தை, தொண்டை மூடிக்கொள்வதால் தூங்க முடியாதவருக்கு.

இன்னொரு தாளில் வேறு எட்டுக் கேள்விகள். 1991இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மரே ஜான்ஸ் என்ற மருத்துவர் அமைத்தவை. படித்துக்கொண்டிருக்கும்போது தூங்கிவிடுவீர்களா, டிவி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, வண்டியில் ஒரு மணி நேரம் பயணியாகப் போகும்போது, பிறருடன் பேசிக்கொண்டிருக்கும்போது? ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 24, பத்துக்கு மேல் போனால் அது சாதாரணத் தூக்கக் கலக்கம் இல்லை. பொள்ளாச்சியில் ஏறினால் கிணத்துக்கடவு வருவதற்குள் நான் தூங்கியிருப்பேன். நடத்துநர்களே உக்கடத்தில் எழுப்பிவிடுவார்கள். தேர்வு அறையில் கண்காணிப்பாளராக உட்கார எனக்குப் பயம், அதனால் மூன்று மணி நேரமும் நின்றுகொண்டே இருப்பேன். கண்டிப்பான டீச்சர் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். எனக்கு 17 மதிப்பெண்.

தூங்கி விழுகிற பருத்த மனிதரைப் பார்த்து முதலில் சிரிப்பது எங்கள் சாளையில் மட்டும் நடந்ததல்ல. சார்லஸ் டிக்கன்ஸ் 1836இல் எழுதத் தொடங்கிய பிக்விக் நாவலில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன் வருகிறான், எந்நேரமும் தின்பான், நின்றபடியே தூங்குவான். வாசகர்கள் சிரிப்பதற்கென்றே வந்த பாத்திரம். 1956இல் சிட்னி பர்வெல்லும் அவருடன் இருந்த மருத்துவர்களும் பாஸ்டனில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மிகவும் பருத்த ஒரு தொழில் நிர்வாகி. சீட்டாட்டத்தில் கைக்கு அருமையான சீட்டுகள் வந்திருந்தும், அதைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போய்ப் பந்தயம் கட்டாமல் விட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் தனக்கு ஏதோ நோய் என்று மருத்துவமனைக்கு வந்தார். அந்த நோய்க்கு மருத்துவர்கள் வைத்த பெயரே பிக்விக் நோய்க்குறி. பெயரில் அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அவரைக்காயைக் கையில் வைத்தபடி தூங்கிய பெரியம்மாவை அந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். அதே 1956இல் அவர் பிறந்துகூட ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருக்கும்.

1960களின் நடுவில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இப்படிப்பட்டவர்களைத் தூக்கத்தில் கருவிகளோடு இணைத்துப் பார்த்தபோதுதான், மூச்சு இரவெல்லாம் நின்று நின்று வருவது பதிவானது. 1976 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டியன் கில்லெமினோ ஸ்லீப் ஆப்னியா என்ற பெயரை நிலைநிறுத்தினார். பருத்தவர்களுக்கு மட்டுமே வருவதல்ல என்பதும் அப்போது தெளிவானது. நம் ஊரில் இந்தப் பெயர் பலர் காதில் விழுந்தது 2022 பிப்ரவரியில், டிஸ்கோ டான்சர் படத்துக்கு இசையமைத்த பப்பி லஹிரி மும்பையில் இறந்தபோது. சிகிச்சை அளித்த மருத்துவர் காரணமாகச் சொன்னவற்றில் இதுவும் இருந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது இப்போது எனக்கு ஞாபகம் வருகிறது. லஹிரியின் பாட்டுகள் அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஆபரேஷன் வயித்துலதானே, தொண்டைக்கு எதுக்குப் பரிசோதனை?” என்று, ஓரிரவு தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த மயக்க மருந்து மருத்துவரிடம் கேட்டேன். காத்திருந்த தேதி தள்ளிப்போகிறதே என்ற ஆற்றாமை. அவர் பொறுமையாகச் சொன்னார். விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் காற்றுவழியைத் திறந்து பிடித்திருக்கின்றன. தூங்கினால் தளர்கின்றன. நாக்கின் அடியிலும் தொண்டைச் சுவரிலும் கொழுப்பு சேர்ந்திருந்தால் வழி ஏற்கெனவே குறுகல். இளநீரில் ஊறிய காகித ஸ்ட்ராவை வேகமாக உறிஞ்சினால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்கிறதே, அப்படி ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது, மூளை அபாயமணி அடித்து அரைகுறையாக எழுப்பிவிடுகிறது, தசை இறுகுகிறது, மூச்சு வருகிறது. இந்த எழுப்புதல்தான் உயிரைக் காப்பாற்றுகிறது.

“மயக்க மருந்தும் மார்ஃபின் மாதிரி வலி மருந்தும் அந்த எழுப்புதலையே மழுங்க வச்சுடும்மா. ஆபரேஷன் தியேட்டர்ல நான் பக்கத்துலயே இருப்பேன், குழாய் இருக்கும், மெஷின் இருக்கும். பயம் அப்புறம்தான். வார்டுல, ராத்திரி ரெண்டு மணிக்கு, வலிக்கு ஊசி போட்டு நீங்க மல்லாந்து தூங்கிட்டிருக்கும்போது யாரு எண்ணுவாங்க?”

அதற்குப் பிறகு நான் தேதியைப் பற்றிப் பேசவில்லை.

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தக் கோளாறு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களில் பெரும்பாலோர் பரிசோதிக்கும்வரை அறியாதவர்கள். ரத்தத்தில் பைகார்பனேட்டையும் பார்த்தார்கள். அது 27க்கு மேல் இருந்தால், பகலிலேயே கார்பன் டை ஆக்சைடு தேங்குகிற, இன்னும் கடுமையான நிலை இருக்கலாம் என்று சந்தேகிப்பார்களாம். எனக்கு 26. காத்திருப்போர் வரிசையில் பழக்கமான ஒரு தங்கைக்கு தூக்கப் பரிசோதனை வேறு விதத்திலும் உதவியது. அவளுக்கு பி.எம்.ஐ. 36தான். 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிப்படி, பிற முயற்சிகள் பலிக்காத நிலையில் பி.எம்.ஐ. 40 இருந்தால் இந்த அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு பொருந்தும். 35க்கு மேல் என்றால் கூடவே சில கடும் நோய்களில் ஒன்று இருக்கவேண்டும். அந்தப் பட்டியலில் இதய நோயோடும் கட்டுப்படாத சர்க்கரையோடும் கடுமையான ஸ்லீப் ஆப்னியாவும் இருக்கிறது.

பரிசோதனைக்குப் போகிற அன்று தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னார்கள். நகப்பூச்சும் மருதாணியும் கூடாது. வழக்கமான இரவு உணவை முடித்துக்கொண்டு, சொந்தத் தலையணையோடு போய்ச் சேர்ந்தேன். மேல்மாடியில் விடுதி அறை போல ஓர் அறை. சின்ன வயசுப் பெண் ஒருத்தி தலைமுடியை வகிர்ந்து வகிர்ந்து பசை தடவி வயர்களை ஒட்டினாள். மூளை அலைக்கு, கண் அசைவுக்கு, தாடைத் தசைக்கு, இதயத்துக்கு, இரண்டு காலுக்கும். மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், மூக்கில் மெல்லிய குழாய், விரலில் சிவப்பு வெளிச்சம். மூக்குத்தியைக் கழற்றச் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு கழற்றியதே இல்லை. திருகைக் கழற்ற அவளேதான் உதவினாள்.

விளக்கை அணைத்த பிறகு சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. கண்ணை மூடுங்கக்கா, மேலே பாருங்க, கீழே பாருங்க, பல்லைக் கடிங்க, காலை அசைங்க, மூச்சைக் கொஞ்சம் பிடிங்க. அப்புறம், குறட்டை விடற மாதிரி சத்தம் குடுங்க என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என்னை அதைச் செய்யச் சொல்லிக் கேட்டார். கூச்சத்தோடு செய்தேன். “நல்லாருக்குக்கா, பதிவாயிடுச்சு” என்றாள். அந்தப் பெண் அப்படிச் சாதாரணமாகச் சொன்னதில் எனக்கு மனசிலிருந்த பெரிய பாரம் ஒன்று குறைந்துபோனது.

இவ்வளவு வயர்களோடு தூக்கம் எங்கே வரும் என்று நினைத்தேன். வந்துவிட்டது. எனக்கெல்லாம் எங்கேயும் வரும். நடுராத்திரியில் அவள் தோளைத் தொட்டு எழுப்பினாள். முதல் பாதியிலேயே தேவையான அளவுக்குப் பதிவாகிவிட்டது, இனி முகமூடி போட்டுப் பார்க்கலாம் என்றாள். மூக்கின்மேல் ரப்பர் விளிம்புள்ள சின்ன முகமூடி, தலையைச் சுற்றிப் பட்டை, நீண்ட குழாய். காற்று உள்ளே தள்ளியது. வாயைத் திறந்தால் புஸ்ஸென்று வெளியே போனது. மூடிக்கொண்டு மூக்கால் விடுங்கள் என்றாள். அவள் பக்கத்து அறையில் கணினியைப் பார்த்தபடி அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள். 11 என்ற அளவில் என் தொண்டை திறந்து நின்றது.

விடிந்தபோது எனக்குத் தலைவலி இல்லை. அது என்ன என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. ஏதோ ஒன்று குறைகிறதே என்று தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கனவு வந்திருந்தது, நீளமாக, வண்ணமாக. பல வருஷமாக எனக்குக் கனவே வந்ததில்லை.

அறிக்கையில் மணிக்கு 52 என்றிருந்தது. ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது மிகக் குறைந்தது என்ற கணக்கு. ஐந்துக்குள் இருந்தால் இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மிக நீளமான நிறுத்தம் 71 வினாடி. ஆக்சிஜன் 68 வரை இறங்கியிருந்தது. மல்லாந்து படுத்த நேரங்களில் எண்ணிக்கை அதிகம், ஒருக்களித்தபோது குறைவு என்று தனியாக ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். அம்மிச்சியின் சேலைச் சுருட்டு அந்தக் கட்டத்துக்குள் இருந்தது. ராத்திரியில் அடிக்கடி ஒன்றுக்கு எழுந்திருப்பதற்கும் நுரையீரல் மருத்துவர் காரணம் சொன்னார். மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும் முயற்சியில் இதயத்துக்குள் ரத்தம் அதிகமாக வந்து அதன் அறை விரிகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் தவறாக எண்ணி, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. பெரியம்மாவின் தலைவலி, நாலைந்து தரம் எழுந்தது, அடங்காத கொதிப்பு என்று ஒவ்வொன்றாக அந்த மனிதர் பெயர் சொல்லிக்கொண்டே போனார். நான் யாரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே குழம்பிப்போனது.

முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் இந்த இயந்திரத்துக்கு சி-பாப் என்று பெயர். இது வருவதற்கு முன்னால், கடுமையான நோயாளிகளுக்கு இருந்த உறுதியான சிகிச்சை கழுத்தில் துளை போடுவதுதான். தொண்டைக்குக் கீழே வழி திறந்து, அதன் வழியாக மூச்சு. 1980இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், கழுத்தில் துளை போட மறுத்த ஒரு நோயாளியிடம் வேறொரு முயற்சிக்கு அனுமதி கேட்டார். மூக்கின் வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்துவைப்பது. காற்று தள்ளுவதற்கு வாக்குவம் கிளீனர் மோட்டாரைப் பயன்படுத்தினார். அந்த மனிதர் அன்று இரவு மூச்சு நிற்காமல் தூங்கினார். மறுவருஷம் லான்செட் இதழில் அது வெளியானது. கழுத்தில் துளை போட மறுத்த அந்த முகம் தெரியாத மனிதருக்கு நான் பலமுறை மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன்.

அறுவை சிகிச்சையைச் சில வாரங்கள் தள்ளிவைத்து, அதுவரை தினமும் முகமூடியோடு தூங்கச் சொன்னார்கள். முதலில் கஷ்டம்தான். காற்றுக் கசிந்து கண்ணில் அடிக்கும். மூக்கு வறண்டுபோகும். ஈரப்பதத்துக்கு இயந்திரத்தில் சுத்திகரித்த நீர் ஊற்றவேண்டும். முகமூடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் விழித்தபடியே உட்கார்ந்து பழகினேன். அப்புறம் பழகிவிட்டது. கிணத்துக்கடவு தாண்டியும் விழித்திருந்தேன். சாலையோரத்தில் இத்தனை புளியமரங்கள் நின்றிருந்த இடங்கள் வெறுமையாகிவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். ரத்தக் கொதிப்பு மாத்திரையில் ஒன்றின் அளவைக் குறைத்தார்கள். இன்னும் ஒரு கிலோகூட இறங்கியிருக்கவில்லை.

நாத்தனார் வந்திருந்தபோது, “வயித்துல தையல் போட்ட பொறவு இப்படிக் காத்த உள்ள தள்ளுனா தையல் பிரிஞ்சுராதா?” என்று கவலைப்பட்டார். நல்ல கேள்வி. பல பேர் இந்தப் பயத்திலேயே முகமூடியை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சி-பாப் பயன்படுத்தியவர்களுக்குத் தையல் கசிவு அதிகமானதாக ஆய்வுகளில் தெரியவரவில்லை என்று அறுவை மருத்துவர் விளக்கினார். ஆக்சிஜன் குறைந்தால்தான் காயம் ஆறுவது கெடும் என்றார்.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது இயந்திரத்தை என் வீட்டுக்காரர்தான் தூக்கிவந்தார், வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. மயக்கம் முழுசாகத் தெளிந்து, சொன்னபடி நான் தலையைத் தூக்கிக் கையை இறுக்கிய பிறகே சுவாசக் குழாயை எடுத்தார்களாம். தலைப்பக்கம் உயர்த்திய கட்டில். மார்ஃபின் வகை வலி மருந்துகளை முடிந்தவரை தவிர்த்தார்கள். கண் திறந்தபோது முகத்தில் என் முகமூடி இருந்தது, விரலில் சிவப்பு வெளிச்சம் இருந்தது, செவிலியர் ஒருவர் திரையில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் வெளியே பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்ததாகப் பையன் சொன்னான்.

எடை இறங்கியது. 104 இப்போது 71. குறட்டை முதலில் போனது. முகமூடிக் காற்று வயிற்றில் புகுந்து உப்புசம் தர ஆரம்பித்தது. எடை குறைந்தால் பழைய அழுத்தம் அதிகமாகிவிடும், குறைத்து வைக்கவேண்டும். பலர் இந்தக் கட்டத்தில்தான் இயந்திரத்தைப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். சத்தம் நின்றுவிட்டது, நோயும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல வருஷம் நடந்த ஓர் ஆய்வு 2000இல் வெளியானது. எடை பத்து சதவீதம் குறைந்தால் இந்த மணிக்கணக்கு எண் ஏறக்குறைய 26 சதவீதம் குறையும் என்றது. குறையும், ஆனால் எல்லோருக்கும் முழுசாகப் போய்விடுவதில்லை. தாடை அமைப்பும் தொண்டை அமைப்பும் வயதும் எடையோடு இறங்குவதில்லையே.

நான் மறுபடி பரிசோதனைக்குப் போனேன். மணிக்கு எட்டு. அந்த எட்டும் பெரும்பாலும் மல்லாந்து படுக்கும்போது வருபவை. முகமூடியை விட்டுவிடலாம், ஒருக்களித்துப் படுங்கள், எடை ஏறினால் திரும்ப வாருங்கள் என்றார் நுரையீரல் மருத்துவர். முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள அளவான தலையணைகள் கடையில் விற்கின்றன என்றார். எனக்குக் கடைத் தலையணை தேவைப்படவில்லை.

இந்த அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருப்பவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஒரு வேண்டுகோள். உங்கள் மருத்துவமனை தூக்கப் பரிசோதனை கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். கேட்காவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள். மயக்க மருந்து மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் உங்கள் தூக்கத்தைப் பார்த்தவர் யாரோ, அவரையும் கூட்டிப்போய் வெட்கப்படாமல் பேசவிடுங்கள். தனியாக வாழ்பவரானால் ஓரிரவு உங்கள் தூக்கத்தை செல்போனில் ஒலிப்பதிவு செய்து எடுத்துப்போங்கள், அதையும் கேட்பார்கள். இயந்திரம் கொடுத்தால் அறுவை சிகிச்சை நாளன்று மறக்காமல் கொண்டுபோங்கள். எடை இறங்கிய பிறகு, மறுபடி ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளாமல் அதைக் கழற்றி வைத்துவிடாதீர்கள்.